பஞ்சத்தை நினைப்பவர்கள் எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும்

அயர்லாந்தில் மே மாதத்து மூன்றாவது ஞாயிறு, மாபெரும் பஞ்சத்தில் மாண்டவர்களுக்கான தேசிய நினைவு நாள். 2008 முதல் அரசே இதை நடத்துகிறது. விழா தலைநகர் டப்ளினோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊருக்குப் போகிறது. ராணுவ மரியாதை, மலர்வளையம், மௌனம் எல்லாம் உண்டு. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் கரையேறிய வெளிநாட்டு நகரங்களிலும் நினைவுக் கூட்டங்கள் நடக்கின்றன.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு கருகல் நோய் விழுந்தது. நிலமற்றவர்களும் குறுநிலக் குத்தகைக்காரர்களும் மூன்று வேளையும் தின்றது அந்தக் கிழங்கைத்தான். அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை, பத்தே ஆண்டில் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. தெற்கையும் வடக்கையும் சேர்த்து எண்ணினாலும், இன்றுவரை அந்தத் தீவு 1841இன் எண்ணிக்கையைத் திரும்ப எட்டவில்லை.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள். மகள் டப்ளினில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அவளோடு சில மாதங்கள், சென்னையில் சில மாதங்கள் என்று காலம் போகிறது. அயர்லாந்தின் நினைவு நாட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்து வந்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. வேண்டியவர்களின் பெயர்களை மட்டும் படிக்கிற நினைவு நாளால் பயனில்லை. அடுத்த தரப்பில் செத்தவர்களின் பெயரையும், நம் தரப்பில் தப்புச் செய்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது வரலாறாகிறது. அயர்லாந்து அதற்கு முயன்றிருக்கிறது, சில இடங்களில் தோற்றும் இருக்கிறது. அந்த முயற்சியில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஏனென்றால், அந்தப் பஞ்சத்தின் இரண்டு முக்கியப் பெயர்கள் பின்னாளில் நம் ஊர்களுக்கும் வந்தன.

நம்மையும் ஆண்டவர்கள்

முதல் பெயர் சார்லஸ் டிரெவெலியன். பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்தின் மூத்த அதிகாரி. அயர்லாந்துக்கு எவ்வளவு பணம், எவ்வளவு தானியம், என்ன நிபந்தனை என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அரசு தானியச் சந்தையில் கை வைத்தால் வியாபாரம் கெடும், சும்மா கொடுத்தால் ஜனங்கள் உழைக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பியவர். அயர்லாந்தின் வறுமைக்கு அயர்லாந்தின் சொத்துவரியே செலவழியட்டும் என்பது அவர் கட்சி. 1847 கோடையில் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேர்வரை பசியாற்றின. அரசு மனம் வைத்தால் சோறு போட முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் தொட்டிகளை மூடிவிட்டார்கள். மறு ஆண்டு டிரெவெலியனுக்கு, பஞ்ச காலப் பணிக்காகவே, சர் பட்டம் கிடைத்தது.

அதே டிரெவெலியன் 1859இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்து இறங்கினார். அவர் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கினால்தான் பார்க் டவுனுக்கு அந்தப் பெயர். சௌகார்பேட்டையில் டிரெவெலியன் பேசின் என்று தெருவே இருக்கிறது. புதிய வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860இல் லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆகவே நம் நகர வரலாற்றில் அவருக்கு நல்ல பெயர்தான். அயர்லாந்திலோ அவர் பெயர் வேறு விதமாக வாழ்கிறது. பீட் செயின்ட் ஜான் 1979இல் எழுதிய ‘தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதென்ரை’ என்ற பாட்டில், பசித்த பிள்ளைகளுக்காகத் தானியம் திருடி நாடுகடத்தப்படும் ஒருவன் வருகிறான். அந்தத் தானியம் யாருடையது என்று சொல்கிற இடத்தில் டிரெவெலியனின் பெயர் வருகிறது. 2012 ஜூனில் போலந்தின் கடான்ஸ்க் நகரில் ஸ்பெயினிடம் நான்கு கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தது அயர்லாந்து கால்பந்து அணி. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அரங்கத்தில் இருந்த அயர்லாந்து ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து பாடியது இந்தப் பாட்டைத்தான். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் ஒரு நிர்வாகியின் பெயர் விளையாட்டு அரங்கத்தில் ஒலிக்கிறது என்றால், அந்தக் காயத்தின் ஆழத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது பெயர் வில்லியம் கிரகரி. டப்ளினில் பிறந்தவர், கால்வே மாவட்டத்து நிலக்கிழார் குடும்பம், நாடாளுமன்ற உறுப்பினர். 1847இல் ஏழைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு உதவி கிடையாது. வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட்டு வரலாம். சட்டப் புத்தகத்தில் இது ஒரு சிறு பிரிவு. குத்தகைக் குடிசையில் அது எப்படி இருந்திருக்கும்? மூன்று ஏக்கர் குத்தகைக்காரன், கிழங்கு அழுகிவிட்டது, வீட்டில் நான்கு பிள்ளைகள். நிலத்தை வைத்துக்கொண்டால் கஞ்சி இல்லை. கஞ்சிக்குப் போனால் நிலம் இல்லை. அடுத்த ஆண்டு விதைக்க இடமும் இல்லை. நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு ஏழைகள் விடுதிக்கு நடந்தவர்களின் குடிசைகளைப் பல இடங்களில் நிலக்கிழாரின் ஆட்கள் உடனே கூரை பிரித்து இடித்தார்கள், அவர்கள் திரும்பி வந்துவிடக் கூடாதென்று. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போன கப்பல்களில் இப்படி வீடிழந்தவர்கள் ஏராளம்.

இந்தக் கிரகரிதான் 1872 முதல் 1877 வரை இலங்கையின் கவர்னர். நுவரெலியாவில் நாம் படகுச் சவாரி போகிற கிரகரி வாவி அவர் பெயரில் இருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகம் அவர் கட்டியது. வாசலில் அவர் சிலை நிற்கிறது. அவர் பதவியில் இருந்தபோதே தமிழகத்தில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. பஞ்சம் பிழைக்க நம் ஜனங்கள் பெருந்திரளாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். அயர்லாந்தில் குத்தகைக்காரனை நிலத்திலிருந்து கிளப்பிய சட்டத்தின் சொந்தக்காரர் ஆண்ட தீவுக்குத்தான் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

போனவர்கள் எல்லோரும் ஒன்றல்ல

கிரகரியை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் இங்கிலாந்துக்காரர் அல்லர். பஞ்சத்தை இங்கிலாந்து அயர்லாந்துக்கு இழைத்த கொடுமை என்று மட்டும் சொல்லும் மேடைகளில் இவர் பெயர் எளிதில் நழுவிவிடும். அயர்லாந்தின் நிலக்கிழார்கள், பதுக்கிய வியாபாரிகள், பக்கத்து ஏழை போனபின் அவன் நிலத்தையும் சேர்த்துக்கொண்ட வசதியான விவசாயிகள் எல்லோரும் அந்தக் கணக்கில் வர வேண்டும். லண்டனின் பொறுப்பு இதனால் இம்மியும் குறையாது.

புலம்பெயர்ந்தவர்கள் விஷயத்திலும் இதே பேச்சுத்தான். மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் தினம், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஊர்வலம், பச்சை உடை. கரீபியன் கடலில் மான்செராட் என்ற சின்னத் தீவிலும் அன்று அரசு விடுமுறை. ஆனால் காரணம் வேறு. அங்கே கரும்புத் தோட்ட முதலாளிகளில் பலர் அயர்லாந்துக்காரர்கள். 1768ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, முதலாளிகள் குடித்துக் கொண்டாடும் நேரம் பார்த்து, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் கலகம் செய்யத் திட்டமிட்டார்கள். திட்டம் வெளியே தெரிந்துவிட, தூக்குத் தண்டனைகள் நடந்தன. இன்று அந்தத் தீவினர் அந்த நாளில் அவர்களை நினைக்கிறார்கள். ஒரே தேதியில் ஓர் இடத்தில் அயர்லாந்தின் பெருமை, இன்னோர் இடத்தில் அயர்லாந்துக்காரர்களிடம் அடிமைப்பட்டவர்களின் துயரம்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 1919இல் ஜாலியன்வாலா பாகில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர், பள்ளிப் படிப்பைப் படித்தது கார்க் மாவட்டத்து மிடில்டனில். அவரை ஆதரித்துப் பேசிய பஞ்சாப் லெப்டினென்ட் கவர்னர் மைக்கேல் ஓ’டுவையர், டிப்பரரி மாவட்டத்துக்காரர். எதிர்ப்பக்கத்தில் ரோஜர் கேஸ்மெண்ட் இருக்கிறார். காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமைகளை அதிகாரபூர்வமாக விசாரித்து உலகுக்குச் சொன்னவர். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்கு ஆயுதம் கொண்டுவர முயன்றதற்காக லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஓ’டுவையரைச் சுட்ட உத்தம் சிங்கை 1940இல் தூக்கிலிட்டதும் அதே பென்டன்வில் சிறையில்தான். சாம்ராஜ்யத்துக்குச் சேவகம் செய்த அயர்லாந்தும், அதை எதிர்த்துச் செத்த அயர்லாந்தும் ஒரே மண்ணில் விளைந்தவை.

இதற்கெல்லாம் வெளியே அமைதியாகப் போனவர்களும் இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் நான் படித்த பள்ளியை நடத்தியவர்கள் அயர்லாந்துக் கன்னியாஸ்திரீகள். எங்களுக்குக் கணக்கு நடத்திய வயதான சிஸ்டர் ஒருவருக்கு அவர் தம்பி ஒவ்வொரு மார்ச்சிலும் தபால் உறைக்குள் அயர்லாந்தின் அடையாளமான மூவிலைக் கொத்து ஒன்றை வைத்து அனுப்புவார். சென்னைக்கு வந்து சேரும்போது அது காய்ந்து பழுப்பேறிப் போயிருக்கும். சிஸ்டர் அதைக் குண்டூசியால் அங்கியில் குத்திக்கொண்டு வகுப்புக்கு வருவார். இருபது வயதில் வீட்டை விட்டு வந்தவர். அம்மாவை மறுபடி பார்க்கவே இல்லை என்று ஒருமுறை எங்களிடம் சொன்னார். இவரும் அந்தப் புலம்பெயர்ந்த ஜனத்தில் ஒருவர். கவர்னரையும் தளபதியையும் எண்ணினால் இவரையும் எண்ண வேண்டும்.

அயர்லாந்து செய்து பார்த்த சோதனை

2012 முதல் 2023 வரையிலான காலத்தை அயர்லாந்து அரசு நூற்றாண்டு நினைவுகளின் காலமாக அறிவித்தது. 1913 டப்ளின் கதவடைப்புப் போராட்டம், முதல் உலகப் போர், 1916 ஈஸ்டர் எழுச்சி, 1918இல் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமை, விடுதலைப் போர், பிரிட்டனோடு செய்த 1921 ஒப்பந்தம், அதை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் என எல்லாவற்றையும் வரிசையாக நினைக்க வேண்டியிருந்தது. 1966இல் எழுச்சியின் பொன்விழா வேறு மாதிரி நடந்தது. அப்போது எல்லாம் வீரம், ராணுவ அணிவகுப்பு. சில ஆண்டுகளிலேயே வட அயர்லாந்தில் ரத்தம் ஓடத் தொடங்கியதும், அணிவகுப்பையே நிறுத்த வேண்டி வந்தது.

நூற்றாண்டில் வேறு கேள்விகள் எழுந்தன. 1916 ஏப்ரல் 29 அன்று எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் ஆங்கிலத் தளபதியிடம் சரணடையும் புகைப்படம் அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பியர்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தார்: எலிசபெத் ஓ’ஃபாரல் என்ற நர்ஸ். குண்டு பறக்கும் தெருவில் வெள்ளைக் கொடியோடு தனியாக நடந்துபோய்ச் சரணடைவுப் பேச்சைத் தொடங்கியவர் அவர். படத்தில் அவருடைய பாவாடை விளிம்பும் காலணிகளும்தான் தெரிகின்றன. பின்னாளில் அச்சான சில பிரதிகளில் அதையும் அழித்துவிட்டார்கள். எழுச்சியில் பங்குகொண்ட பெண்களை நாடு எப்படி மறந்தது என்பதற்கு 2016இல் இந்தப் படமே சாட்சியாக முன்வைக்கப்பட்டது.

அதே ஆண்டு டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவுச் சுவர் எழுந்தது. எழுச்சியின்போது இறந்தவர்கள் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் பொதுமக்கள். நாற்பது பேர் பிள்ளைகள். 2018 கோடையில் மகள் என்னை அங்கே கூட்டிப்போனாள். கரும்பளபளப்பான கல்லில் இறந்த தேதி வாரியாகப் பெயர்கள். இவர் கலகக்காரர், இவர் ஆங்கிலச் சிப்பாய், இவர் ரொட்டி வாங்கப் போன சிறுவன் என்று எந்தக் குறிப்பும் இல்லை. என் பக்கத்தில் நின்ற முதியவர் ஒரு பெயரை விரலால் தொட்டுவிட்டு, இரண்டு வரி தள்ளி இன்னொரு பெயரைக் காட்டி, இவன் அவனைச் சுட்டிருக்கலாம் என்று தன் மனைவியிடம் சொன்னார். குரலில் கோபமில்லை. அந்தச் சுவர் கேட்டதும் அவ்வளவுதான்.

ஆனால் எல்லாராலும் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 2017இல் சுவர்மேல் பெயின்ட் வீசினார்கள். 2020இல் சம்மட்டியால் உடைத்தார்கள். கடைசியில் 2022இல் கல்லறை நிர்வாகம் அந்த முயற்சியைக் கைவிட்டது. 2020 ஜனவரியில் விடுதலைப் போர்க் காலத்தில் ஆங்கில ஆட்சிக்குப் பணிபுரிந்த போலீஸ் படையினரை நினைக்க அரசு ஏற்பாடு செய்த நிகழ்ச்சியும் எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிவைக்கப்பட்டது. போலீஸ் படையோடு சேர்ந்து ஊர்களைக் கொளுத்தியவர்களையும் கௌரவிப்பதா என்று மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. இறந்தவரை எண்ணுவது வேறு, அவர் செய்ததைப் பாராட்டுவது வேறு. அந்த வித்தியாசத்தை மக்களிடம் முன்கூட்டியே பேசாமல் விழா எடுக்கப் போனதுதான் அரசின் தவறு. அதற்காகச் சுவரைச் சம்மட்டியால் உடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. அவர்களுக்குப் பதில் கெர்ரி மாவட்டத்து பாலிசீடியில் இருக்கிறது. 1923 மார்ச் 7 அன்று, உள்நாட்டுப் போரில், அயர்லாந்தின் சொந்த அரசுப் படையினரே ஒன்பது கைதிகளைக் கண்ணிவெடியோடு சேர்த்துக் கட்டி வெடிக்கச் செய்தார்கள். எட்டுப் பேர் சிதறினார்கள். ஒருவர் தூக்கியெறியப்பட்டு உயிர் பிழைத்தார். அந்தப் போரைப் பற்றிப் பல குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் வாய் திறக்கவே இல்லை. பேசாததால் பகை ஆறவில்லை. கட்சிகளாகவும், கல்யாணத்தில் சேராத குடும்பங்களாகவும் அது உயிரோடு இருந்தது. நூற்றாண்டில்தான் இரு தரப்பு வாரிசுகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது.

நினைவு கடனாகும்போது

நினைவு நாளின் பலன் என்ன என்பதற்கு நான் கண்ட மிக நல்ல உதாரணம் மிடில்டனில் இருக்கிறது; ஆம், டயர் படித்த அதே ஊர். அங்கே ஒரு பூங்காவில் ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக வானை நோக்கி நிற்கின்றன. 1847இல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடி மக்கள் அயர்லாந்தின் பஞ்சத்துக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். 170 டாலர் என்று பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, வழியெல்லாம் செத்து விழுந்து, புது இடத்துக்கு வந்து சேர்ந்து அவர்களுக்கு இருபது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. 2020இல் அமெரிக்காவின் நவஹோ, ஹோப்பி பழங்குடிப் பகுதிகளைக் கொரோனா தாக்கியபோது, அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். சோக்டா மக்களுக்குப் பட்ட கடன் என்று பலர் குறிப்பும் எழுதினார்கள். அயர்லாந்தின் பஞ்சத்துக்கென முதலில் நிதி திரட்டிய இடங்களில் கல்கத்தாவும் ஒன்று. அங்கிருந்து சுமார் 14,000 பவுண்ட் போனது.

டொராண்டோவைப் பாருங்கள். 1847இல் இருபதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 38,000 அயர்லாந்து அகதிகள் வந்து இறங்கினார்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். 2007இல் திறந்த அயர்லாந்து பார்க்கில், அயர்லாந்திலிருந்து கொண்டுபோன கற்களின் இடுக்குகளில், ஆவணங்களைத் துழாவித் தேடியெடுத்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பொத்தாம்பொதுவாகப் பஞ்சத்தில் பலர் இறந்தனர் என்று எழுதிவிட்டுப் போகவில்லை. பதிவேடு பதிவேடாகத் தேடியிருக்கிறார்கள்.

2045இல் உருளைக்கிழங்கு நோய் வந்து இருநூறு ஆண்டு நிறையும். அப்போது அயர்லாந்து நடத்தப்போகும் நினைவில் டிரெவெலியனோடு கிரகரியும், அகதிக் கப்பலோடு மான்செராட்டும் இடம்பெற வேண்டும் என்று, அந்த நாட்டில் பேரப்பிள்ளை வளர்கிற ஒரு பாட்டியாக விரும்புகிறேன்.

நம் பக்கத்துக் கடமை அதைவிட அவசரமானது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கு 2026இல் நூற்றைம்பது ஆண்டு. தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அப்போதும் சந்தையில் கை வைக்கக் கூடாது, இலவசம் ஜனங்களைக் கெடுக்கும் என்ற அதே வாதம்தான். பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார். நமக்கு அதற்கு ஒரு நினைவு நாள் இல்லை. இறந்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பலகை இல்லை.

அரசு ஒரு நாளை அறிவிக்கட்டும். பஞ்ச நிவாரண வேலையாக ஒரு பகுதி வெட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் ஒரு கல் நடட்டும். அதைவிட முக்கியமாக, பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் மாவட்டம் மாவட்டமாகத் தேவாலயப் புதைப்புப் பதிவேடுகளையும், பஞ்ச முகாம் குறிப்புகளையும், தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியல்களையும் எடுத்துப் பெயர்களைத் திரட்டட்டும். கூலியைக் குறைத்தவர்களின் பெயரோடு, தானியத்தைப் பதுக்கிய நம் ஊர் வியாபாரிகளும், ஜனங்களை ஏமாற்றிக் கூட்டிப்போன கங்காணிகளும் வந்தால் அவர்கள் பெயரையும் எழுதட்டும். டிரெவெலியன் பேசின் தெருவின் பெயரை மாற்றத் தேவையில்லை. அங்கே ஒரு பலகை வைத்து, இவர் சென்னைக்கு என்ன செய்தார், அதற்கு முன் அயர்லாந்தில் என்ன செய்தார் என்று இரண்டையும் எழுதினால் போதும்.